குடும்பத்தோடு காணாமல் போன விஞ்ஞானி… நியூட்ரினோ ‘உருமாறும்’ என்று முதலில் சொன்ன புரூனோ பொன்டெகோர்வோ யார்?

1950 செப்டம்பர் 1. இத்தாலியில் கோடை விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த ஒரு பிரிட்டிஷ் அணு விஞ்ஞானி, மனைவி, மூன்று மகன்களுடன் ரோமிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு விமானம் ஏறினார். அவர் மனைவியின் பெற்றோர் இருப்பது அதே ஸ்டாக்ஹோமில்தான். ஆனால் அவர்கள் வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் ஐந்து பேரும் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இறங்கினார்கள். அதோடு சரி. அடுத்த ஐந்து வருஷம் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே வெளி உலகத்துக்குத் தெரியாது.

அவர் பெயர் புரூனோ பொன்டெகோர்வோ. உளவாளியா, லட்சியவாதியா என்று இன்றைக்கும் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள். ஆனால் இயற்பியல் படித்தவர்களிடம் கேட்டால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறு: நியூட்ரினோ என்ற துகள் போகிற வழியிலேயே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும் என்று முதன்முதலில் யோசித்தவர் அவர்தான்.

நியூட்ரினோ என்றதும் நம்மில் பலருக்குத் தேனி மாவட்டம் பொட்டிபுரம் மலையும், அங்கே திட்டமிடப்பட்ட ஆய்வகமும், அதற்கு எழுந்த எதிர்ப்பும்தான் ஞாபகம் வரும். அந்த ஆய்வகம் ஆராய நினைத்ததும் இந்த உருமாற்றத்தைத்தான். அந்தச் சர்ச்சை தனிக் கதை. இங்கே பார்க்கப் போவது, இந்த யோசனை எங்கிருந்து வந்தது, அதைச் சொன்னவர் என்ன ஆனார் என்பதை.

ரோமின் ‘குட்டிப் பையன்’

1913 ஆகஸ்ட் 22-ல் இத்தாலியின் பைசா நகரை ஒட்டிய மரினா டி பைசாவில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர் புரூனோ. அப்பாவுக்கு ஜவுளி ஆலை. எட்டுப் பிள்ளைகளில் இவர் நான்காவது. அண்ணன் குய்டோ பின்னாளில் பெயர் பெற்ற மரபியல் விஞ்ஞானி. தம்பி ஜில்லோ சினிமா இயக்குநர். ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ படம் பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

பைசாவில் இரண்டு வருஷம் பொறியியல் படித்தார் புரூனோ. பிடிக்கவில்லை. 18 வயதில் ரோமுக்குப் போய் என்ரிகோ ஃபெர்மியிடம் சேர்ந்தார். ஃபெர்மியைச் சுற்றி இருந்த இளைஞர் கூட்டத்தில் இவர்தான் கடைக்குட்டி. நாய்க்குட்டி என்று பொருள்படும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கடைக்குட்டி 1934-ல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். எடோர்டோ அமால்டியும் அவரும் வெள்ளித் துண்டின் மேல் நியூட்ரான்களைப் பாய்ச்சி, அது எவ்வளவு கதிரியக்கம் பெறுகிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். பளிங்கு மேஜையில் வைத்தால் ஒரு அளவு, மர மேஜையில் வைத்தால் அதைவிட அதிகம்! மேஜைக்கும் அணுக்கருவுக்கும் என்ன சம்பந்தம்? மரத்தில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களில் மோதி நியூட்ரான்கள் வேகம் குறைகின்றன. மெதுவான நியூட்ரான்களை அணுக்கரு எளிதாகப் பிடித்துக்கொள்கிறது என்று ஃபெர்மி விளக்கினார். பின்னால் வந்த அணு உலைகள் பெரும்பாலானவை ஓடுவது இந்த மெதுவான நியூட்ரான்களால்தான். 1938-ல் ஃபெர்மிக்கு நோபல் கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

சைக்கிளில் ஓடிய அகதி

1936-ல் பாரிஸ். பியர், மேரி கியூரியின் மகள் ஐரினும் அவர் கணவர் ஃபிரடெரிக் ஜோலியோவும் நடத்திய குழுவில் சேர்ந்தார். அங்கேதான் மரியான் நோர்ட்ப்ளோம் என்ற ஸ்வீடன் பெண்ணைச் சந்தித்தார். 1938-ல் மூத்த மகன் பிறந்தான். அதே வருஷம் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்தது. ஊருக்குத் திரும்பும் கதவு மூடிக்கொண்டது. ஜோலியோவின் இடதுசாரிச் சூழலும் சேர்ந்துகொள்ள, 1939-ல் பொன்டெகோர்வோ இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அவர் வாழ்க்கையில் பின்னால் நடந்த பலவற்றுக்கும் வேர் இங்கேதான்.

1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியது. மனைவியையும் குழந்தையையும் ரயிலில் துலூஸுக்கு அனுப்பிவிட்டு, இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார். அகதிகள் நெரிசலுக்கு நடுவே பல நூறு கிலோமீட்டர் பயணம். பிறகு ஸ்பெயின், லிஸ்பன் வழியாகக் கப்பலில் அமெரிக்கா.

அங்கே ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில் எண்ணெய்க் கிணறுகளை ஆராயும் கம்பெனி ஒன்றில் வேலை. ரோமில் மர மேஜையில் கற்றதை இங்கே பூமிக்குள் இறக்கினார். கிணற்றுக்குள் நியூட்ரான் மூலத்தை விட்டால், சுற்றியுள்ள பாறையில் ஹைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். ஹைட்ரஜன் இருந்தால் அங்கே தண்ணீரோ எண்ணெயோ இருக்கலாம். நியூட்ரான் லாகிங் எனப்படும் இந்த முறையை எண்ணெய்த் துறை இன்றும் பயன்படுத்துகிறது. நியூட்ரினோவே அவர் வாழ்க்கையில் வராமல் போயிருந்தாலும் இது ஒன்றுக்காக அவர் பெயர் நின்றிருக்கும்.

பிடிக்கவே முடியாததைப் பிடிக்க ஒரு வழி

1943-ல் கனடாவில் நடந்த பிரிட்டிஷ்-கனடிய அணுத் திட்டத்தில் சேர்ந்தார். மான்ட்ரியாலிலும் பிறகு சாக் ரிவரிலும் கனநீர் உலை வடிவமைப்பு வேலை. உலையைச் சுற்றி இருக்கும்போதுதான் அவருக்கு நியூட்ரினோ ஆசை வந்தது.

நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, ஏறக்குறைய எதனோடும் மோதாத துகள். சூரியனிலிருந்து மட்டும் உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தின் வழியே ஒவ்வொரு விநாடியும் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. நமக்குத் தெரிவதில்லை. 1934-ல் ஹான்ஸ் பெத்தே, ருடால்ஃப் பயர்ல்ஸ் இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்து, இதைக் கண்டறிவது நடைமுறையில் சாத்தியமே இல்லை என்று எழுதியிருந்தார்கள். பலரும் அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

பொன்டெகோர்வோ விடவில்லை. ஒரு துகள் மோதும் வாய்ப்பு குறைவு என்றால், துகள்களின் எண்ணிக்கையையும் தொட்டியின் அளவையும் கூட்டினால் போச்சு. அணு உலையிலிருந்தும் சூரியனிலிருந்தும் கோடிகோடியாக வருகிறதே! 1946-ல் வழியையும் சொன்னார். குளோரின் நிறைந்த திரவத்தை ஒரு பெரிய தொட்டியில் நிரப்புங்கள். எப்போதாவது ஒரு நியூட்ரினோ குளோரின்-37 அணுக்கருவில் மோதினால் அது ஆர்கான்-37 ஆக மாறும். ஆர்கான் மந்த வாயு என்பதால் திரவத்திலிருந்து எளிதாகப் பிரித்துவிடலாம். அது கதிரியக்கம் உள்ளது; அரை ஆயுள் 35 நாள். ஆக, ஒவ்வொரு அணுவாக எண்ணிவிடலாம்.

இந்த வழியைக் கையில் எடுத்தவர் அமெரிக்க வேதியியலாளர் ரேமண்ட் டேவிஸ். அந்தக் கதைக்கு அப்புறம் வருவோம்.

கார் டிக்கியில் எல்லை தாண்டியவர்

1948-ல் பிரிட்டிஷ் குடியுரிமை. 1949-ல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் வேலை. 1950 பிப்ரவரியில் அதே ஹார்வெல்லைச் சேர்ந்த கிளாஸ் ஃபுக்ஸ், சோவியத்துக்கு அணுகுண்டு ரகசியம் கொடுத்ததாகக் கைதானார். கம்யூனிஸ்ட் தொடர்பு உள்ள எல்லோர் மேலும் சந்தேகக் கண் விழுந்தது. பொன்டெகோர்வோவும் விசாரிக்கப்பட்டார். ரகசியம் குறைவான இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று, லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி ஏற்பாடானது. 1951 ஜனவரியில் சேர வேண்டும். அதற்கு நான்கு மாதம் முன்புதான் அந்த ஹெல்சிங்கி பயணம்.

பின்னாளில் தெரியவந்தது இது: ஹெல்சிங்கியில் சோவியத் ஆட்கள் கார்களுடன் காத்திருந்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஒரு காரில். பொன்டெகோர்வோ இன்னொரு காரின் டிக்கிக்குள். அப்படியே எல்லை தாண்டி சோவியத் மண்.

உளவு பார்த்தாரா? உறுதியான ஆதாரம் எதுவும் இதுவரை பொதுவெளிக்கு வரவில்லை. அணு ஆயுத வேலையில் தான் ஈடுபடவில்லை என்றே அவர் கடைசி வரை சொன்னார். ஆனால் நிரபராதி என்றால் ஏன் அப்படி ஓட வேண்டும் என்ற கேள்வியும் நிற்கத்தான் செய்கிறது. இயற்பியலாளர் ஃபிராங்க் குளோஸ் அவரைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். அதைப் படித்து முடித்தாலும் சந்தேகம் தீராது.

இதில் அதிகம் விலை கொடுத்தவர் மரியான். மொழி தெரியாத நாடு, பெற்றோரோடு தொடர்பு இல்லை, வெளியே சொல்ல முடியாத வாழ்க்கை. மனநலம் பாதிக்கப்பட்டு அடிக்கடி மருத்துவமனையில் தங்க வேண்டியதாயிற்று. பொன்டெகோர்வோவின் கதையை சாகசக் கதை மாதிரி சொல்கிறவர்கள் இவரைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வதந்தியில் பிறந்த கோட்பாடு

மாஸ்கோவுக்கு வடக்கே, வோல்கா நதிக்கரையில் உள்ள டுப்னா என்ற அறிவியல் நகரத்தில்தான் அவருக்கு வேலை. அங்கே பெரிய துகள் முடுக்கி இருந்தது. 1955-ல் பத்திரிகையாளர்கள் முன் தோன்றி, தான் சோவியத்தில் இருப்பதாக அறிவித்தார்.

1957-ல் ஒரு வதந்தி டுப்னா வரை வந்தது. ரேமண்ட் டேவிஸ் அணு உலைக்குப் பக்கத்தில் குளோரின் தொட்டி வைத்து ஆர்கானைப் பார்த்துவிட்டாராம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அணு உலையிலிருந்து வருவது எதிர்-நியூட்ரினோ. குளோரினை ஆர்கானாக மாற்றுவதோ நியூட்ரினோ. அப்படியென்றால் டேவிஸ் எதையும் பார்த்திருக்கவே கூடாது.

பொன்டெகோர்வோ வேறு மாதிரி யோசித்தார். உலையிலிருந்து தொட்டிக்கு வருவதற்குள் எதிர்-நியூட்ரினோ நியூட்ரினோவாக மாறியிருந்தால்? இதற்கு முன்மாதிரியும் இருந்தது. 1955-ல் முர்ரே கெல்-மானும் ஆபிரகாம் பைஸும், கே-மேசான் என்ற துகளும் அதன் எதிர்த்துகளும் ஒன்றோடொன்று கலந்து மாறக்கூடும் என்று காட்டியிருந்தார்கள். அதையே நியூட்ரினோவுக்குப் பொருத்தி 1957, 1958-ல் கட்டுரை எழுதினார்.

வதந்தி பொய். டேவிஸ் எதையும் பார்க்கவில்லை. ஆனால் யோசனை மட்டும் செத்துப்போகவில்லை.

1959-ல் இன்னொரு கேள்வி எழுப்பினார்: எலக்ட்ரானோடு பிறக்கும் நியூட்ரினோவும் மியூவானோடு பிறக்கும் நியூட்ரினோவும் ஒன்றுதானா? முடுக்கி வைத்து இதைச் சோதிக்கலாம் என்று வழியும் சொன்னார். 1962-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் லெடர்மேன், ஷ்வார்ட்ஸ், ஸ்டெயின்பெர்கர் மூவரும் சோதித்து, இரண்டும் வேறு என்று கண்டார்கள். அதே வருஷம் ஜப்பானின் நகோயாவில் மகி, நகாகவா, சகாடா ஆகியோர் இந்த இரண்டு வகைகளும் நிறை நிலைகளின் கலவையாக இருக்கலாம் என்று எழுதினார்கள்.

1967-ல் பொன்டெகோர்வோ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். எலக்ட்ரான் நியூட்ரினோ வழியில் மியூவான் நியூட்ரினோவாக மாறினால், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோவை அளக்கும்போது எதிர்பார்த்ததில் பாதிதான் கிடைக்கலாம் என்றார். அடுத்த வருஷமே டேவிஸின் முடிவு வந்தது. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில், 615 டன் திரவம் உள்ள தொட்டி. குளோரின்-ஆர்கான் முறை. கிடைத்த நியூட்ரினோ கணக்கை விடக் குறைவு. தொடர்ந்து அளந்தபோது மூன்றில் ஒரு பங்கில் வந்து நின்றது. டேவிஸ் தப்பாக எண்ணியிருப்பார், அல்லது சூரியனைப் பற்றிய கணக்கு தப்பு என்றுதான் பலர் நினைத்தார்கள். துகளே மாறியிருக்கும் என்பதை ஏற்க முப்பது வருஷம் ஆனது.

சரி, எப்படித்தான் மாறுகிறது?

தம்பூராவில் நடுவே இரண்டு தந்திகளை ஒரே சுருதிக்குச் சேர்ப்பார்கள். துளி வித்தியாசம் இருந்தால் நாதம் நிலையாக நிற்காது. ஏறி ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் இதை விம்மல் என்று படித்திருப்பீர்கள். நியூட்ரினோவிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

எலக்ட்ரான் நியூட்ரினோ என்பது வகைப் பெயர். ஆனால் அதற்கென்று ஒரே ஒரு திட்டமான நிறை கிடையாது. வெவ்வேறு நிறை கொண்ட அலைகளின் கலவை அது. பிறக்கும்போது அந்த அலைகள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் சேர்ந்திருக்கும். பயணத்தில் ஒவ்வொரு அலையும் சற்றே வேறுபட்ட கதியில் அதிரும், ஒழுங்கு குலையும். கொஞ்ச தூரம் போய் அளந்தால் கலவையின் முகம் மாறியிருக்கும்: எலக்ட்ரான் வகைக்குப் பதில் மியூவான் வகை. இன்னும் போனால் பழையபடி எலக்ட்ரான். அலைவு என்று இதற்குப் பெயர் வந்தது இதனால்தான். எல்லா நியூட்ரினோவுக்கும் நிறை பூஜ்யம் என்றால் இந்த அலைவு நடக்காது. எனவே அலைவைப் பார்த்தால், நிறை இருக்கிறது என்று அர்த்தம்.

1969-ல் விளாதிமிர் கிரிபோவுடனும், 1970-களில் சமோயில் பிலென்கியுடனும் சேர்ந்து பொன்டெகோர்வோ இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். இன்று பாடப்புத்தகங்களில் உள்ள சூத்திரம் ஏறக்குறைய அதேதான்: மாறும் வாய்ப்பு, நிறைகளின் வர்க்க வேறுபாட்டையும், பயண தூரத்தை ஆற்றலால் வகுத்தால் கிடைப்பதையும், கலவை விகிதத்தையும் பொறுத்தது.

இந்தச் சூத்திரத்துக்கு வரும் வழியில்தான் சண்டை. எளிய வழியில், எல்லா நிறை அலைகளுக்கும் ஒரே உந்தம் என்று வைத்துக்கொள்வார்கள். சிலர் ஒரே ஆற்றல் என்று வைத்துக்கொள்வார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு வழியிலும் கடைசியில் அதே விடைதான் வரும். ஆனால் நியூட்ரினோவைப் பிறப்பிக்கும் சிதைவில் ஆற்றலும் உந்தமும் அழியாமல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால், இரண்டு ஊகமுமே பொதுவாகச் சரியில்லை. தவிர, ஒரே உந்தம் கொண்ட அலை முடிவில்லாமல் பரந்திருக்கும். அது எங்கே பிறந்தது, எங்கே பிடிபட்டது என்று எப்படிச் சொல்வது?

அதனால் அலைப்பொட்டலம் என்ற அணுகுமுறை வந்தது. 1976-ல் ஷ்முவெல் நுசினோவும் 1981-ல் போரிஸ் கெய்சரும் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். நியூட்ரினோ சின்ன இடத்தில் அடங்கிய அலைத்தொகுதி. கனமான நிறையின் பொட்டலம் மெதுவாகப் போகும், லேசானது முந்தும். தூரம் மிக அதிகமானால் இரண்டும் பிரிந்துவிடும். அப்புறம் விம்மல் கிடையாது. கெய்சர் காட்டிய இன்னொன்றுதான் சுவாரஸ்யம்: எந்த நிறை வந்தது என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் துல்லியமாக ஆற்றலையும் உந்தத்தையும் அளந்துவிட்டால், அலைவே மறைந்துபோகும். இரண்டு துளைச் சோதனையில் எலக்ட்ரான் எந்தத் துளை வழியாகப் போனது என்று பார்த்ததும் கோலம் அழிவது போல.

மூன்றாவது அணுகுமுறை, நியூட்ரினோவைத் தனியாகப் பார்க்காதீர்கள் என்கிறது. பிறப்பு, பயணம், பிடிபடுதல் மூன்றையும் குவாண்டம் புலக் கோட்பாட்டில் ஒரே நிகழ்வாக எழுத வேண்டும்; அளக்க முடிவது இரண்டு முனைகளிலும் உள்ள மற்ற துகள்களைத்தானே. கணக்கு கஷ்டம், ஆனால் முன்னே சொன்ன ஊகங்கள் தேவையில்லை. இன்றைய சோதனைகளுக்கு எளிய சூத்திரமே போதும் என்பதால், இந்த விவாதம் ஆய்வகங்களை விடக் கரும்பலகைகளில்தான் அதிகம் நடந்தது.

இதற்கிடையே 1978-ல் லிங்கன் வுல்ஃபென்ஸ்டைனும், 1985-ல் மாஸ்கோவின் மிகேயெவ், ஸ்மிர்னோவ் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். சூரியனின் அடர்த்தியான உட்பகுதி வழியாக வரும்போது பருப்பொருளே இந்த மாற்றத்தைப் பாதிக்கிறது. டேவிஸுக்கு மூன்றில் ஒரு பங்குதான் ஏன் கிடைத்தது என்ற புதிரின் பெரும்பகுதி இங்கேதான் அவிழ்ந்தது.

நடுங்கும் கையுடன்

பொன்டெகோர்வோவுக்கு சோவியத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. ஸ்டாலின் பரிசு, லெனின் பரிசு, அறிவியல் அகாடமி உறுப்பினர் பதவி எல்லாம் கிடைத்தன. கிடைக்காதது சுதந்திரமான பயணம். தன் யோசனைகளை மற்றவர்கள் சோதிப்பதை அவர் தூரத்திலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. ரஷ்ய மொழியில் வந்த கட்டுரைகள் மேற்கே போய்ச் சேரத் தாமதமாகும்.

நாட்டை விட்டு 28 வருஷம் கழித்து, 1978-ல், பழைய நண்பர் அமால்டியின் 70-வது பிறந்தநாளுக்காக இத்தாலி வர அனுமதி கிடைத்தது. அதற்குள் பார்க்கின்சன் நோய் தொட்டுவிட்டது. டென்னிஸ் ஆடிய, கடலுக்குள் மூழ்கி நீந்திய கைகள் நடுங்கத் தொடங்கின. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு ஒரு பேட்டியில் மனம் திறந்தார். கம்யூனிசத்தை அறிவியல் என்று எண்ணியிருந்ததாகவும், அது மதம் போன்ற நம்பிக்கையாக இருந்தது பிறகுதான் புரிந்ததாகவும் சொன்னார்.

1993 செப்டம்பர் 24-ல் டுப்னாவில் இறந்தார். அஸ்தியில் பாதி டுப்னாவில், பாதி ரோமில் அடக்கம் செய்யப்பட்டது.

ஐந்தே வருஷத்தில், 1998-ல், ஜப்பானின் சூப்பர்-காமியோகாண்டே ஆய்வகம் அலைவுக்கு வலுவான ஆதாரத்தைத் தந்தது. 2001, 2002-ல் கனடாவின் சட்பரி சுரங்க ஆய்வகம் 1,000 டன் கனநீரை வைத்து, சூரிய நியூட்ரினோக்கள் தொலையவில்லை, வகைதான் மாறியிருக்கின்றன என்று காட்டியது. கனநீர் உலையின் அருகே நின்று பொன்டெகோர்வோ நியூட்ரினோவைப் பற்றி யோசிக்க ஆரம்பித்ததும் அதே கனடாவில்தான்.

இரு வகை நியூட்ரினோவுக்கு 1988-ல் நோபல். டேவிஸுக்கு 2002-ல். அலைவைக் கண்டறிந்ததற்காக 2015-ல் ககிதா, மெக்டொனால்டு இருவருக்கும். மூன்றிலும் பொன்டெகோர்வோவின் யோசனை இருக்கிறது. அவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. முதல் பரிசு வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார்.

ஆனால் நியூட்ரினோ வகைகள் எப்படிக் கலக்கின்றன என்று சொல்லும் எண்களின் அட்டவணையை இயற்பியலாளர்கள் பி.எம்.என்.எஸ். அணி என்கிறார்கள். முதல் எழுத்து பொன்டெகோர்வோ. மற்ற மூன்றும் நகோயாக்காரர்கள். வேறு எதனோடும் வினைபுரியாத இன்னொரு வகை நியூட்ரினோவும் இருக்கலாம் என்று 1967 கட்டுரையில் எழுதி, அதற்கு மலட்டு நியூட்ரினோ என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார். அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.